பாடியவருக்குப் புரியாத பாட்டு

என் கணவருக்கு ஒரு பாட்டு பிடிக்க வேண்டுமென்றால், முதலில் அது வேறு யாருக்கும் பிடிக்காமல் போயிருக்க வேண்டும். பாடியவர் பட்டினி கிடந்திருந்தால் நல்லது. புத்தி பேதலித்திருந்தால் இன்னும் நல்லது. சின்ன வயதிலேயே செத்தும் போயிருந்தால், அவருடைய இசைத்தட்டுக்கு எங்கள் வீட்டு அலமாரியில் கண்ணாடிக் கதவு போட்ட மேல்தட்டில் இடம் உறுதி.

அவருக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை. இடிபட்ட வண்டிகளைச் சுற்றிச் சுற்றி வந்து, எந்த அடி விபத்தில் பட்டது, எந்த அடி பழையது என்று கண்டுபிடிப்பார். மனிதர்கள் சொல்லும் எதையும் நம்பக் கூடாது என்பது அவருடைய தொழில் தர்மம். அந்தச் சந்தேகப் பிராணிதான் ஞாயிற்றுக்கிழமை மதியமானால் இசைத்தட்டின் பின்னட்டையில் யாரோ எழுதி வைத்த புளுகையெல்லாம் வேதவாக்காக எடுத்துக்கொள்வார்.

எங்கள் வீட்டில் இரண்டே அறைகள். ஒன்றில் நாங்களும் பத்து வயது மகளும் படுக்கிறோம். மற்றதில் இசைத்தட்டுகள் படுக்கின்றன. அந்த அறையில் ஈரத் துணி காயப்போடக் கூடாது, ஜன்னல் திறக்கக் கூடாது, ஓடக் கூடாது. மகள் குதித்தால் ஊசி குதிக்குமாம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேர் வருவார்கள். ஒருவர் பல் டாக்டர். இன்னொருவரை எல்லோரும் பேராசிரியர் என்று கூப்பிடுவார்கள். எப்போதோ ஒரு டுடோரியலில் சில மாதம் பாடம் எடுத்ததோடு சரி, இப்போது மனைவியின் துணிக்கடையில் கல்லாவில் உட்காருகிறார். மூன்று பேரும் கதவைச் சாத்திக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்கள். நான் டீ கொண்டுபோனால், கோயில் கருவறைக்குள் செருப்போடு நுழைந்தவளைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள். டீயை மட்டும் எடுத்துக்கொள்வார்கள்.

ஊரெல்லாம் பாடுகிற பாட்டுக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் ‘குளியலறைப் பாட்டு’. மாடி வீட்டுக்காரர் காலையில் குளிக்கும்போது சத்தமாகப் பாடுவார், அதனால் வந்த பெயர். அவர் வாயில் நுழைந்த பாட்டு செத்த பாட்டு என்பது மூவரும் சேர்ந்து எடுத்த முடிவு. நான் ஒரு தடவை சமையல்கட்டில் ஏதோ சினிமாப் பாட்டை முணுமுணுத்தேன். பேராசிரியர் என் கணவரைப் பார்த்து, “பாவம், நாள் முழுக்க இதோட எப்படி இருக்கீங்க?” என்றார். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று சொல்லவில்லை. சொன்ன மாதிரிதான் இருந்தது.

மேல்தட்டு தெய்வங்களுக்கெல்லாம் பெரிய தெய்வம் ஒருத்தி இருந்தாள். அவள் பாடி வெளியானது ஒரே ஓர் இசைத்தட்டு. முன்னும் பின்னும் முழுக் கறுப்பான உறை. அதில் படமில்லை, பெயரில்லை. தட்டின் நடுவில் ஒட்டிய காகிதத்தில் பாட்டுகளின் பெயர் மட்டும். இவர்கள் அவளைக் ‘குரல்’ என்றே சொல்வார்கள். “நேத்து ராத்திரி குரல் கேட்டேன்” என்று பல் டாக்டர் சொல்லும்போது, முதல் தடவை நான் பயந்தேபோனேன், மனுஷனுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று.

அந்தக் குரல் கனமானது. கிணற்றுக்குள்ளிருந்து ஒருத்தி மெல்ல மெல்ல ஏறி வருகிற மாதிரி இருக்கும். ஒவ்வொரு சொல்லும் இழுத்து இழுத்து விழும். மூன்றாவது பாட்டின் நடுவில் எல்லாம் நின்று, சற்று நேரம் ஒன்றுமே கேட்காது. பிறகு அவள் மறுபடி பாடுவாள். அந்த மௌனத்தைப் பற்றி மட்டும் பல் டாக்டர் ஒரு சிற்றிதழில் ஒன்பது பக்கம் எழுதியிருக்கிறார். பதிவு முடிந்த அன்றே அவள் கடலுக்குள் நடந்து போய்விட்டாள் என்றும், கறுப்பு உறை அவள் கடைசியாகக் கேட்டுக்கொண்டது என்றும் அதில் இருந்தது. யார் சொன்னது என்று நான் கேட்டேன். “எல்லாத்துக்கும் சாட்சி கேக்காதே” என்றார் என் கணவர். வண்டியின் பம்பரில் ஒரு கீறலுக்கு மூன்று சாட்சி கேட்கிற மனிதர்.

நான் ஒரு ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். முட்டி, முதுகு, தோள் என்று நாள் முழுக்க அடுத்தவர் வலியோடு மல்லுக்கட்டுகிற வேலை. அங்கேதான் தோள்பட்டை இறுகிப்போய் ஒரு அம்மா வந்தார். அறுபதைத் தாண்டியவர், கனத்த உடம்பு, கதவைத் திறக்கும்போதே சிரிப்பு. புருஷனும் தானுமாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாராம். வருஷக்கணக்காகப் பக்கத்து சீட்டிலிருந்து எட்டி எட்டி அடுத்தவர் ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்ததில் வலது தோள் போய்விட்டது.

“டாக்டரம்மா, இந்தக் கை காதுக்கு மேல போகணும். அது போதும். கண்ணாடியைத் திருப்ப முடியலை எனக்கு.”

“நான் டாக்டர் இல்லக்கா.”

“வலிக்க வைக்கிறீங்க, காசு வாங்குறீங்க. அப்புறம் என்ன?”

சுவரில் விரல்களால் ஏறுவது அவருக்குக் கொடுத்த முதல் பயிற்சி. சுவரைப் பார்த்து நின்று, பல்லி மாதிரி விரல்களை ஒவ்வொன்றாக மேலே நகர்த்த வேண்டும். வலிக்கும். வலி தெரியாமலிருக்கச் சிலர் எண்ணுவார்கள், சிலர் கடவுளைக் கூப்பிடுவார்கள், சிலர் என்னைத் திட்டுவார்கள். அவர் பாடினார். வாய்க்குள்ளேயே, துள்ளலாக, ஒரு படிக்கு ஒரு அடி என்று.

நான் அடுத்த கட்டிலில் ஒரு தாத்தாவின் முட்டியை மடக்கிக்கொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது. வேகம் வேறு, சுருதி வேறு, சந்தோஷம் வேறு. ஆனால் மெட்டு எனக்குத் தெரியும். எட்டு வருஷமாகச் சாத்திய கதவுக்கு இந்தப் பக்கம் நின்று பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்ட மெட்டு. அடுத்த வரி எங்கே வளையும் என்று அவர் பாடுவதற்கு முன்பே எனக்குத் தெரிந்தது.

“அக்கா, இந்தப் பாட்டு எங்கே கேட்டீங்க?”

“கேக்கிறதா? நான் போட்ட மெட்டு. சின்ன வயசுல ஒரு ரெக்கார்டு கொடுத்தேன். அது ஒரு கூத்து. விடுங்க.” விரல் இன்னும் இரண்டு அங்குலம் ஏறியது. “யாரும் வாங்கலை. எங்க அண்ணன் கட்டில் அடியில அடுக்கி வெச்சிருந்தார், கரையான் அரிச்சுது.”

அன்று மாலை என் கணவரிடம் சொன்னேன். சந்தோஷத்தில் துள்ளுவார் என்றுதான் நினைத்தேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

“இருக்க முடியாது” என்றார்.

“இருக்காங்க. செவ்வாய், வெள்ளி வர்றாங்க. கை நூத்தி இருபது டிகிரி வரைக்கும் தூக்குறாங்க.”

“யாராவது சொல்லிக்கிட்டு வருவாங்க. இந்த மாதிரி ஆளுங்க எத்தனை பேரை நான் பாத்திருக்கேன்.”

“என்ன லாபத்துக்குச் சொல்லணும்? உங்க மூணு பேரைத் தவிர யாருக்குமே தெரியாத ரெக்கார்டு.”

அவர் நம்பியதாகத் தெரியவில்லை. ஆனால் மற்ற இருவருக்கும் போன் போட்டுச் சொல்லாமலும் இருக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை அழைத்து வரச் சொன்னார்கள். பேராசிரியர் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். பல் டாக்டர் தன் கட்டுரை வந்த இதழையும், அதில் அந்த அம்மா கையெழுத்துப் போட ஒரு பேனாவையும் கொண்டு வந்திருந்தார்.

அக்கா தன் டிரைவிங் ஸ்கூல் காரிலேயே வந்தார். கூரையில் பெரிய சிவப்பு எழுத்துப் பலகையோடு எங்கள் வாசலில் வண்டி நின்றதைப் பல் டாக்டர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். பார்த்ததும் பேனாவைச் சட்டைப் பையில் திரும்பச் செருகினார். அதை நான் கவனித்தேன்.

அக்கா வந்து உட்கார்ந்து, டீ குடித்து, என் மகளிடம் எந்த வகுப்பு என்று கேட்டு, பிஸ்கட்டை டீயில் நனைத்துச் சாப்பிட்டார். கடலுக்குள் நடந்து போனவள் பிஸ்கட் நனைப்பதை மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு என் கணவர் வெள்ளைத் துணியால் தட்டைத் துடைத்து, ஊசியை வைத்தார். கிணற்றிலிருந்து குரல் ஏறி வந்தது.

அக்கா கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறாரோ என்று பேராசிரியர் பரவசத்தோடு குனிந்து பார்த்தார். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

“ஐயோ, அதே தட்டுதான். எழவு வீட்டுல பாடின மாதிரி இல்ல? தட்டு அடிச்ச இடத்துல டேப் மெஷினை மெதுவா ஓட விட்டுட்டாங்க தம்பி. என் குரல் ஆம்பளைக் குரல் மாதிரி வந்துடுச்சு. நான் ஒரு வாரம் சாப்பிடலை. இது ஊஞ்சல் பாட்டு. குழந்தைங்க ஆடுறப்போ பாடுறதுக்குப் போட்டது.”

தட்டு மட்டும் பாடிக்கொண்டிருந்தது. மூன்றாவது பாட்டில் அந்த மௌனம் வந்தது. பேராசிரியர் பழக்கதோஷத்தில் கண்ணை மூடிவிட்டார்.

“இந்த இடம்” என்று பல் டாக்டர் மெல்லக் கேட்டார். “இங்கே நீங்க நிறுத்தினது...”

“நான் எங்கே நிறுத்தினேன்? வயலின்காரருக்குத் தும்மல் வந்துடுச்சு. அதை மட்டும் வெட்டி எடுத்துட்டாங்க.”

“கறுப்பு உறை?” என்று கேட்டார் என் கணவர்.

“படம் போட ஆள் வரலை. பிரஸ்காரர்கிட்ட கறுப்பு மை நிறைய மிஞ்சி இருந்துச்சாம்.”

அப்புறம் நடந்ததுதான் எனக்கு வெட்கமாக இருக்கிறது. விருந்தாளியாக வந்தவரை விசாரணைக் கைதி மாதிரி கேள்வி கேட்டார்கள். எந்த வருஷம், எந்தத் தெரு, யார் வாசித்தது, ஏன் வேறு பதிவு இல்லை என்று. “கல்யாணம் ஆச்சு, வண்டி ஓட்டக் கத்துக்கிட்டேன், அதுவும் நல்லாத்தான் இருந்துச்சு” என்றார். அந்தப் பதில் அவர்களுக்குப் போதவில்லை. யாராவது கொடுமைப்படுத்தி நிறுத்தினார்களா என்று பேராசிரியர் ஆசையோடு கேட்டார். இல்லை என்றதும் அவர் முகம் வாடிப்போனது.

“ஒரு தடவை பாடிக் காட்டுங்கக்கா” என்றேன் நான்.

பாடினார். சரியான வேகத்தில், தொடையில் தாளம் போட்டுக்கொண்டு. மேலே போகும்போது குரல் லேசாகப் பிசிறியது, அதைப் பொருட்படுத்தவில்லை. உலகத்தையே புரட்டிப் போடும் குரல் என்று பொய் சொல்ல மாட்டேன். தெளிந்த, விளையாட்டுத்தனமான குரல். ஊஞ்சல் முன்னே போவதும் பின்னே வருவதும் அதில் இருந்தது. என் மகள் சாத்தியிருக்க வேண்டிய கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்து, உட்கார்ந்த இடத்திலேயே முன்னும் பின்னும் ஆடினாள். அந்த அறையில் ஒரு குழந்தை ஆடியது அதுதான் முதல் தடவை.

ஆண்கள் மூவரும் பல் பிடுங்கிய பிறகு பஞ்சைக் கடித்துக்கொண்டிருப்பவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். பாட்டு முடிந்தது. பல் டாக்டர் தொண்டையைச் செருமினார்.

“தப்பா நினைக்காதீங்கம்மா. உங்களுக்கு அந்தப் பாட்டு சரியாப் புரியலைன்னு நினைக்கிறேன்.”

அக்கா அவரையே பார்த்தார். கோபம் இல்லை. ஒன்வேயில் எதிரே வந்துகொண்டு ஹாரன் அடிக்கிறவனைப் பார்க்கிற பார்வை. “இருக்கலாம் தம்பி” என்று எழுந்தார்.

வாசலில் செருப்பை மாட்டும்போது தயங்கினார். “கேக்கவே கூச்சமா இருக்கு. எங்கிட்ட ஒரு தட்டுகூட மிச்சமில்லை. வீட்டுக்காரர் ஒரு தடவைகூட கேட்டதில்லை. எப்படி இருந்தாலும் என்னோடதுதானே. எங்கயாவது கிடைச்சா சொல்லுங்க.”

என் கணவர் தலையை ஆட்டினார். “ரொம்ப அபூர்வம்மா. கிடைக்கிறது கஷ்டம்.”

எங்கள் மேல்தட்டில் அதே தட்டு மூன்று இருந்தது.

அக்கா போன பிறகு கூட்டம் நடந்தது. நான் கதவைச் சாத்த விடவில்லை, பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டேன். அந்த அம்மாள் உண்மையானவராகவே இருக்கலாம் என்று பேராசிரியர் பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டார். ஆனால் அதனால் ஒன்றுமில்லையாம். பாடியவர் வேறு, குரல் வேறு. குரல் பிறந்தது அந்த மெஷின் மெதுவாக ஓடிய கணத்தில். இந்த அம்மாள் வெறும் கச்சாப் பொருள். பல் டாக்டர் அதை அப்படியே குறித்துக்கொண்டார், அடுத்த கட்டுரைக்கு. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். முயலே வந்து நாலாவது காலை நீட்டிக் காட்டிய பிறகும், முயலுக்குத்தான் எண்ணத் தெரியவில்லை என்று சொன்னவர்களை அன்றுதான் பார்த்தேன்.

அவர்கள் போனதும் கேட்டேன். “மூணு இருக்கே, ஒண்ணு கொடுத்தா என்ன?”

“ஒண்ணு கேக்கிறதுக்கு. ஒண்ணு பத்திரத்துக்கு. ஒண்ணு யார்கிட்டயாவது மாத்திக்கிறதுக்கு.”

“பாடினவங்க கேக்கிறாங்க.”

“அவங்களுக்கு அதோட மதிப்பு தெரியாது. பிஸ்கட் கையோட எடுப்பாங்க.”

வைக்கோல் போரில் படுத்த நாய்கூட வைக்கோலைப் பற்றி இப்படி விளக்கம் கொடுத்திருக்காது. நான் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, கண்ணாடிக் கதவைத் திறந்து, மாற்றிக்கொள்வதற்கென்று வைத்திருந்ததை அவர் கண்ணெதிரிலேயே எடுத்தேன்.

“என்ன பண்றே?”

“மாத்திக்கப் போறேன். அந்தக்கா எனக்கு வண்டி ஓட்டச் சொல்லித் தர்றேன்னாங்க.”

அவர் என் கையைப் பிடிக்க வந்தார். பிடித்தால் தட்டு விழும் என்று தெரிந்து நின்றுவிட்டார். மனைவியின் மணிக்கட்டைவிடத் தட்டின் விளிம்புதான் அவரைத் தடுத்தது. அது எனக்கு நன்றாகவே புரிந்தது.

நாலைந்து நாள் எங்களுக்குள் பேச்சில்லை. ஒரு மாலை நான் வேலையிலிருந்து திரும்பியபோது கதவு திறந்திருந்தது. அவர் தரையில் உட்கார்ந்து, மிச்சமிருந்த கறுப்பு உறைத் தட்டுகளில் ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தார். கண் ஈரமாயிருந்தது.

“அப்பா தவறின வருஷம் இதைக் கேட்டுத்தான் நான் தூங்கினேன்” என்றார், என்னைப் பார்க்காமல். “நீ சொல்றது எல்லாம் சரியாவே இருக்கட்டும். எனக்கு இந்தக் குரல்தான் வேணும்.”

எனக்கு மனசு இளகிவிட்டது. கைப்பையை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காரப் போனேன். அவர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

“ஆனா இந்த மாதிரி கேக்கிறதுக்கு ஒரு காது வேணும்” என்று தொடர்ந்தார். “எல்லாருக்கும் அமையாது.”

நான் சமையல்கட்டுக்குப் போய் அரிசி களைந்தேன்.

அக்காவின் மாப்பிள்ளை மைக் செட், ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவர். அவர், நான் கொண்டுபோய்க் கொடுத்த தட்டை வாங்கி, வேகத்தைச் சரியாக்கி, பதிவு செய்து, குடும்பத்துக்கு அனுப்பினார். குடும்பம் உறவுக்கு அனுப்பியது, உறவு ஊருக்கு. ஓட்டக் கற்ற பழைய மாணவர்கள் எல்லோரும், நம்மைத் திட்டின அக்காவா என்று அடுத்தவருக்கு அனுப்பினார்கள். சில மாதங்களில் ஊஞ்சல் பாட்டு பஸ்ஸில் கேட்டது, காய்கறிக் கடையில் கேட்டது, என் ஆஸ்பத்திரியில் இடுப்பு உடைந்தவர்கள்கூட முணுமுணுத்தார்கள். ஒரு நாள் காலை எங்கள் தலைக்கு மேலே, தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே, மாடி வீட்டுக்காரர் அதைப் பிடித்துக்கொண்டார். பல் தேய்த்துக்கொண்டிருந்த என் கணவர் அப்படியே நின்றார், வாய் நிறைய நுரையோடு.

அந்த ஞாயிற்றுக்கிழமையே தீர்ப்பு வந்துவிட்டது. வேகம் கூடினதும் கூடாததும் இல்லை பிரச்சினை, அந்த மெட்டிலேயே அடிப்படையில் ஒரு மலினம் இருந்திருக்கிறது என்றார் பேராசிரியர். தனக்கு ஆரம்பத்திலிருந்தே ஒரு சந்தேகம் இருந்தது என்றார் ஒன்பது பக்கம் எழுதிய பல் டாக்டர். என் கணவர் இரண்டு கறுப்பு உறைகளையும் மேல்தட்டிலிருந்து இறக்கினார். “யாருக்காவது வேணும்னா கொடுத்துடு” என்றார் என்னிடம். அப்பா தவறின வருஷத்துத் தூக்கத்தையும் சேர்த்துத்தான் இறக்கினார். அதை நினைத்தால்தான் எனக்கு அவர்மேல் உண்மையாகவே கோபம் வருகிறது.

ஒரு சின்ன அரங்கில் அக்காவைப் பாடக் கூப்பிட்டார்கள். நானும் மகளும் போனோம். அவருடைய வீட்டுக்காரர் முதல் வரிசையில், பிரேக்கை மிதிக்கிற மாதிரி காலை அழுத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்கா கடைசிப் பாட்டில் வலது கையை நேராகத் தலைக்கு மேல் தூக்கினார். கூட்டம் பாட்டுக்குக் கைதட்டியது. நான் தோளுக்குத் தட்டினேன். உள்ளே போய்ப் பார்த்தபோது வியர்வையைத் துடைத்துக்கொண்டே, “உங்க வீட்டுக்காரர் வரலையா?” என்றார். உடம்பு சரியில்லை என்றேன். “அவருக்கு நான் சந்தோஷமா இருக்கிறது பிடிக்கலை, பாவம்” என்றார். கேலியில்லாமல்தான் சொன்னார்.

மேல்தட்டு அதிக நாள் காலியாக இல்லை. போன வாரம் பல் டாக்டர் எங்கிருந்தோ ஒரு தட்டோடு வந்தார். ஐஸ் கிடங்கில் காவல் வேலை பார்த்த ஒரு ஆள், ஐஸ் பாளங்களைத் தட்டிக்கொண்டு தனக்குத்தானே முனகியதைப் பதிவு செய்ததாம். வார்த்தையே கிடையாது. மொத்தம் நாற்பது தட்டுதான் அடித்தார்களாம். மூன்று பேரும் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு தடவை கேட்டார்கள்.

“ஆள் என்ன ஆனார்?” என்று டீயை வைத்துக்கொண்டே கேட்டேன்.

“யாருக்கும் தெரியாது” என்றார் என் கணவர். கண் பளபளத்தது. “ஒரு நாள் கிடங்குக்குள்ள போனவர் வெளிய வரவே இல்லைன்னு சொல்றாங்க.”

“எங்க ஆஸ்பத்திரிக்கு ஐஸ் கிடங்கு ஆளுங்க நிறைய வருவாங்க. இடுப்புப் பிடிப்பு. விசாரிக்கவா?”

அவர் சட்டென்று இரண்டு கையாலும் உறையை மூடிக்கொண்டார்.

“வேண்டாம்” என்றார். “தயவு செஞ்சு.”

கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னிடம் தயவு செய்து என்று கேட்ட முதல் காரியம் அது. சரி என்றேன். வாசலில் அக்கா ஹாரன் அடித்தார், எனக்கு வண்டியைப் பின்னால் எடுக்கக் கற்றுக்கொடுக்கும் நாள். காலி கப்புகளை அங்கேயே விட்டுவிட்டுக் கிளம்பிப் போனேன்.